ஆலை வந்தா பிள்ளைங்க படிச்சிடுவாங்களா? சேரன்மகாதேவி சொல்லும் 100 ஆண்டுப் பாடம்!

"நம்ம ஊர்ப்பக்கம் ஒரு ஃபேக்டரி வந்துட்டா, பிள்ளைங்க வாழ்க்கை மாறிடும்." நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஃபேக்டரி வந்தால் வேலை வரும், சரி. எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி படிப்பு வந்துவிடுமா? தாமிரபரணிக் கரையில் இதற்கான பதில் இருக்கிறது.

பந்தியில் தொடங்கிய கேள்வி

1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்தது. விடுதலைப் போராட்ட வீரர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். தமிழ்நாடு காங்கிரஸ் இந்தக் குருகுலத்துக்கு 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

அங்கே பிராமண மாணவர்கள் சிலருக்குத் தனிச் சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். எல்லார் பணத்திலும் நடக்கும் பள்ளியில் எதற்கு இரண்டு பந்தி என்பதுதான் அவர்கள் கேள்வி. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார்.

ஆலை அப்போதே வந்துவிட்டது!

இந்தச் சண்டை நடந்தபோது தொழிற்சாலை என்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அதே ஆற்றின் மேல்பக்கம், பாபநாசத்தில், 1880-களிலேயே ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை வந்துவிட்டது. அருவி நீரின் விசையில் இயந்திரங்கள் ஓடின. அதாவது, இயந்திரம் வந்து சுமார் 40 ஆண்டுகள் கழித்தும், பள்ளியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பிறப்புதான் முடிவு செய்தது.

உலக அனுபவமும் இதுதான். தொழில் வளர்ந்தால் குடும்பப் பின்னணியின் பிடி தளர்ந்து, திறமைக்கு வழி கிடைக்கும் என்று சமூகவியல் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். 13 நாடுகளை ஒப்பிட்டு 1993-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. எல்லா நாடுகளிலும் படித்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குமான இடைவெளி தெளிவாகக் குறைந்தது ஸ்வீடன், நெதர்லாந்து இரண்டில் மட்டும்தான்!

வீட்டுக்குள் வந்த தொழில்

சேரன்மகாதேவி, முக்கூடல் வட்டாரத்தில் இன்னொரு தொழில் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. அது பீடி. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை பெரும்பாலும் பெண்களுக்கு.

எண்ணிக்கைக்குக் கூலி என்றால் என்ன ஆகும்? வீட்டில் எத்தனை கை சேர்கிறதோ, அத்தனை காசு. பள்ளி விட்டு வரும் மகளின் கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பீடித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதை 1986-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் வீட்டுக்குள் நூல் கட்டும் சின்னக் கையை எந்த அதிகாரி போய்ப் பார்ப்பது?

அப்போ எது மாற்றியது?

1956-ல், அன்றைய நெல்லை மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில், காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசிக்குச் சோறு கிடைத்தது. கூடவே எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். குருகுலத்தில் கேட்ட கேள்விக்கு அரசுப் பள்ளி தந்த பதில் என்றே இதைச் சொல்லலாம்.

அடுத்தடுத்து இலவசப் பேருந்துப் பயணம், சீருடை, சைக்கிள் வந்தன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இவை எதுவும் ஆலையோடு தானாக வந்தவை அல்ல, கேட்டும் போராடியும் வந்தவை.

இனி?

கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெண்களுக்கு நிறைய வேலை. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதற்குள் ஆபரேட்டராகப் போவதா, இன்ஜினீயராகப் போவதா என்பது ப்ளஸ் டூவுக்குப் பிறகு அந்தப் பெண் என்ன படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பீடித் தொழிலாளர் இருக்கிறார்களா? அவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைச்சகம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்விப் பட்டம் வரை, ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.  தெரியாதவர்களுக்கு இன்றே சொல்லுங்கள்!