பள்ளிப் பிள்ளைகளும் நால்வகைத் தானமும்

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக வித்துராவுக்கு வந்து, பாத்திரக் கடை வைத்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரங்களில் படித்ததுதான் என் படிப்பு. மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஒரு கல்வெட்டைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். பிறகு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படுவதை எழுதினால் என்ன என்று தோன்றியது.

பள்ளி என்ற சொல் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்து வந்தது. அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்ததால் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்ததாக அறிஞர் சொல்வர். மலையாளத்திலும் அது பள்ளிக்கூடம்தான். பழைய திருவிதாங்கூரில் இருந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் பள்ளியை நாம் இன்றும் காணலாம்.

சமண மரபில் இல்லறத்தாருக்கு நால்வகைத் தானம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். உணவு, மருந்து, கல்வி, அஞ்சினவருக்கு அடைக்கலம் என்று பொருள். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. உடம்பும் நேரமும் இருந்தால் போதும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் உண்டு.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். என் மகள் பிளஸ் ஒன் படிக்கையில் ஒரு தாளை நீட்டி, "அப்பா, என்.எஸ்.எஸ்.ல சேரணும், கையெழுத்துப் போடுங்க" என்றாள். கேரளத்தில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் 1914இல் தோன்றிய நாயர் சர்வீஸ் சொசைட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். "அது அவங்க சமூகத்துச் சங்கம், நமக்கெதுக்கும்மா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். புரிந்த பிறகும், "மார்க் குறைஞ்சா யார் பொறுப்பு?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவள் சொன்ன என்.எஸ்.எஸ்., தமிழ்நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் என்று வழங்குவது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் உண்டு. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் இதன் அமைப்பு. கணக்குப் போட்டால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. இந்த நேரத்தில் மார்க் ஒன்றும் ஓடிவிடாது.

இது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு. இளையவர்களுக்கும் வழிகள் உண்டு. எட்டாம் வகுப்பில் மாணவர் போலீஸ் கேடட் படையில் சேரலாம். கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2ஆம் தேதி 127 பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. அணிவகுப்பு, சாலை விதி, சட்ட அறிவு எல்லாம் சொல்லித் தருவார்கள். ஓர் அணியில் 44 பேருக்குத்தான் இடம் என்பதால் பள்ளி திறந்ததுமே விசாரிக்க வேண்டும். சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் ஆகியவை பழைய அமைப்புகள். கணினியில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் இருக்கிறது.

இனித் தானத்துக்கு வருவோம். மலையாள வீடுகளில் வாழையிலையில் சோறு கட்டி, பொதிச்சோறாக ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. வீடு வீடாகப் போய் அதைச் சேகரிப்பது ஆகார தானம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது திருவனந்தபுரத்தில் மாணவர்கள் இரவு பகலாக அரிசியும் துணியும் கட்டி மற்ற மாவட்டங்களுக்கு அனுப்பினார்களே, அது அபய தானம்.

சாஸ்திர தானத்துக்கு நம் மாநிலமே சான்று. 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக கோழிக்கோட்டில் அறிவித்தவர், முதுமையில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. முதியோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டர்களில் மாணவரும் இருந்தனர். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் வாசகசாலைகள் இன்றும் ஊர்தோறும் உள்ளன. அங்கே பாலவேதி என்று சிறுவர் மன்றமும் உண்டு. பொன்முடி, போணக்காடு தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால், கற்பிக்கும் நம் பிள்ளைக்கும் தமிழ் மறக்காது.

ஔஷத தானத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் பாலியேட்டிவ் என்னும் வலிநிவாரணப் பராமரிப்பு 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் வேர்விட்டது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் வளர்த்த இப்பணிக்கு, 2008இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஊர்த் தொண்டர்களும் கூட வருவார்கள்.

என் மனைவி பக்கவாதத்தில் ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். நாற்பது ஆண்டு பேசிய மலையாளம் அவளுக்கு அடியோடு மறந்து தமிழ் மட்டும் மிஞ்சியது. நர்ஸோடு சனிக்கிழமைதோறும் ஒரு பிளஸ் டூ பெண் வந்தாள். மலையாளப் பிள்ளை, சினிமா பார்த்துக் கற்ற தமிழ். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத் தலை வாரிவிடுவாள். தமிழ்ப் பத்திரிகையில் படம் காட்டிக் கதை பேசுவாள். வேறொன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை என்றால் காலையிலிருந்தே என் மனைவியின் கண் வாசலில் இருக்கும். அந்தப் பிள்ளையின் அப்பாவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார் அல்லவா? நான் போடாத கையெழுத்தால் எந்த வீட்டு வாசலில் யார் காத்திருந்தார்களோ!

சமண மரபில் இப்படிப் பணிவிடை செய்வதற்கு வையாவிருத்தியம் என்று பெயர். தியானத்தோடு சேர்த்து அகத்தவம் ஆறில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பொருள் புரிந்தது அந்தப் பெண் சீப்பை எடுத்தபோதுதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிள்ளை போகும் இடமும் பொறுப்பாசிரியர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் பெரியவர் துணையோடுதான் போகணும், மருத்துவ வேலையில் கை வைக்கக் கூடாது. கல்லாற்றில் குப்பை பொறுக்கப் போனால் கரையோடு நிற்கணும், தண்ணீரில் இறங்கவே கூடாது. வனத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். கிரேஸ் மார்க் விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

வந்த ஊரில் கடை வைக்கலாம், வீடு கட்டலாம். ஆனால் அயலார் வீட்டுத் துன்பத்தில் நம் பிள்ளை போய் நின்ற பிறகுதான் அது நம் ஊர் ஆகிறது. இவ்வாண்டு என் பேரன் எட்டாம் வகுப்பு. தாளை நீட்டினான், "கேடட்ல சேரணும் தாத்தா" என்றான். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.