மின்புலத்தில் இறுகும் எண்ணெய்

சிலிக்கான் எண்ணெயில் நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கலந்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊற்றினால் அது தடையில்லாமல் ஓடும். தகடுகளுக்கிடையே மில்லிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் அளவில் மின்புலம் ஏற்றினால், சில மில்லி நொடிகளில் கெட்டிப்படும். மின்சாரத்தை நிறுத்தியதும் மறுபடி திரவமாகிவிடும். மின்பாய்வியல் திரவம் எனப்படும் இதற்கு அமெரிக்கரான வில்லிஸ் வின்ஸ்லோ 1947இல் காப்புரிமை பெற்றார்.

மின்புலத்தில் ஒவ்வொரு துகளிலும் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் திரள்கின்றன. ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையை இழுக்க, துகள்கள் தகட்டிலிருந்து தகடுவரை சங்கிலிகளாகக் கோத்துக்கொள்கின்றன. அவற்றை அறுத்தால்தான் திரவம் நகரும். விசையைக் கடத்தும் கிளட்சுக்கும் அதிர்வைத் தாங்கும் கருவிகளுக்கும் இந்தக் குணம் ஏற்றது.

ஆரம்பகாலத் துகள்கள் ஈரத்தை நம்பியிருந்தன. துளைகளில் ஒட்டியிருந்த நீரில் அயனிகள் நகர்ந்ததால்தான் இழுப்பு வலுத்தது. ஆனால் சூட்டில் நீர் ஆவியாகும், குளிரில் உறையும். மின்கசிவும் துருவும் வேறு. எஞ்சினுக்கு அருகில் வேலைசெய்ய வேண்டிய கருவிக்கு இது சரிப்படாது.

அப்படியானால் நீர் இருந்த இடத்தில் வேறெதை வைப்பது? 1992இல் மொபில் நிறுவன விஞ்ஞானிகள் அறிவித்த எம்சிஎம்-41 என்ற சிலிக்கா இதற்கு நல்ல களம் அமைத்தது. தேனடைபோல் அறுகோண ஒழுங்கில் அமைந்த அதன் துளைகள் 2 முதல் 10 நானோமீட்டர் அகலம். ஒரு கிராம் தூளில் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. துளைச் சுவர்களில் சிலனால் என்ற ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவற்றோடு அமினோசிலேன் மூலக்கூறுகளை வேதிப்பிணைப்பால் இணைத்தால், எளிதில் முனைவுறும் அமின் தொகுதிகள் சுவரிலேயே நிலைத்துவிடும். நீர்போல் ஆவியாகிப் போகாது.

தென்கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியை எடுத்தார்கள். துளைக்குள் அனிலினைப் புகுத்தி, அங்கேயே பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பலபடியாக மாற்றினார்கள். துளைக்குள் மின்னூட்டம் நகர இடமுண்டு. மின்கடத்தாச் சிலிக்காச் சுவரோ அது துகள்விட்டுத் துகள் தாவாமல் தடுக்கிறது.

இந்தத் துறையின் முதன்மையான சிக்கலும் இதுதான். துகள் மிகுதியாகக் கடத்தினால் தகடுகளுக்கிடையே மின்சாரம் கசியும். குறைவாகக் கடத்தினால் சங்கிலி தளரும். ஆகவே துளைக்குள் என்ன வைக்கிறோம் என்பதோடு எவ்வளவு வைக்கிறோம் என்பதும் திரவத்தின் வலிமையைத் தீர்மானிக்கிறது.