தங்கவயல் பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

படிப்பிலிருந்து பிழைப்புக்கு – 9

பங்காருபேட்டையில் சென்னை – பெங்களூரு இருப்புப்பாதையை விட்டுப் பிரியும் கிளைப் பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று பழைய சுரங்கங்களின் பெயர் கொண்ட நிலையங்களைத் தொட்டு, மாரிகுப்பத்தில் முடிகிறது. 1894-ல் தங்கச் சுரங்கங்களுக்காகப் போட்ட பாதை அது. கோலார் தங்கவயலின் இளைஞர்களுக்கு இன்று அதுதான் வேலைக்குப் போகும் வழி. விடியற்காலை ரயிலைப் பிடித்து, சீசன் டிக்கெட்டோடு பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் ஊன்றிய பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் தலித் குடும்பங்களே அதிகம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்து, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கங்கள் இவை. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது.

மூடியதில் கூலி போனது எல்லோருக்கும் தெரியும். கூடவே போன இன்னொன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளியை விட்ட பையன் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. அப்பா இறங்கிய ஷாஃப்டில் மகனும் இறங்கினான். எந்த மேஸ்திரி, எந்த ஷிப்ட், சங்கத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பதையெல்லாம் லைன் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொண்டான். அது நல்ல வழி என்று சொல்ல வரவில்லை. நுரையீரலைத் தின்னும் சிலிக்கா தூசியும், ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அவர்கள் அழைத்த பாறை வெடிப்பும் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போயின. ஆனாலும் வழி என்று ஒன்று இருந்தது. இன்று பி.காம் முடித்த பெண்ணுக்கு பெங்களூரின் வைட்ஃபீல்டில் ஒரு வேலையை எப்படித் தேடுவது, சம்பளத்தை எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர, அந்த வழியில் முன்னே போய்வந்த ஆள் வீட்டில் இல்லை.

அரசுகள் சும்மா இல்லை. பட்டமோ டிப்ளமோவோ முடித்து ஆறு மாதம் வேலை கிடைக்காதவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் உதவித்தொகை தரும் யுவநிதி திட்டத்தைக் கர்நாடகம் கொண்டுவந்தது. பட்டதாரிக்கு மாதம் ரூ.3,000, டிப்ளமோவுக்கு ரூ.1,500. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியது. வீட்டில் தமிழ் பேசும் மாரிகுப்பத்துப் பிள்ளைகள் கர்நாடகத்துப் பிள்ளைகள் என்பதால் அது அவர்களுக்கில்லை. எந்தத் திட்டத்தில் சேர்வதென்றாலும் ஒரு படிவம் உண்டு: பெயர், வயது, படிப்பு, வேலை உண்டா இல்லையா. காலையில் போய் இரவில் திரும்பும் பிள்ளையும், மூன்று மாதத்துக்கு ஒரு வேலை மாறும் பிள்ளையும் அந்தப் படிவத்தில் ‘வேலை உண்டு’ என்றே பதிவாகிறார்கள்.

அந்த வேலை அவர்களை என்ன செய்கிறது என்று படிவம் கேட்பதில்லை. எம்பதி இன்டர்வியூ இந்த இடத்தில்தான் உதவும். எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று அவர் அனுபவத்தைக் கேட்டு வாங்குகிற நேர்காணல் அது. பொருள் வடிவமைப்பவர்களிடம் தொடங்கி, ஸ்டான்ஃபோர்டின் டி.ஸ்கூல் என்ற வடிவமைப்புப் பள்ளி வழியாகப் பரவி, அமெரிக்காவில் பள்ளிகளைச் சீர்திருத்துகிறவர்கள் கைக்கொண்ட முறை. நூற்றுக்கணக்கான பேரைக் கேட்பதில்லை. சிலர் போதும், ஆனால் அரை மணி, முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஒருவர் கேட்பார். இன்னொருவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுவார். ஆம், இல்லை என்று முடியும் கேள்விக்கு இடமில்லை. ‘ரயில் பயணம் கஷ்டமா?’ என்று கேட்டால் ‘பழகிப்போச்சு’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். ‘கடைசியா ரயிலை விட்ட நாளைச் சொல்லு தம்பி. அன்னைக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டால் மேற்பார்வையாளரின் ஏச்சு, பிடித்த சம்பளம், வீட்டில் சொன்ன பொய், அடுத்த நாள் போகவே பிடிக்காமல் படுத்திருந்தது என்று ஒரு முழு நாளே வெளியே வர இடம் உண்டு. ‘ஏன் வேலையை விட்டே?’ என்பது குற்றம்சாட்டும் கேள்வி. ‘விடணும்னு முதல்ல தோணின நாள் எப்படி இருந்துச்சு?’ என்பது கதை கேட்பது. பதிலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். இடையில் அறிவுரை கூடவே கூடாது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதுதான் ஆகச் சிரமம்.

கேட்பதற்கு முன்னால் நம்பிக்கை வேண்டும். தங்கவயலில் அது லேசில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய முயன்றதற்காக 1930-ல் பெரிய வேலைநிறுத்தம் கண்ட ஊர் அது. மேலே இருப்பவர்கள் தங்களைப் பற்றித் தகவல் சேகரிப்பது யாருக்குப் பயன்படும் என்று அந்த மக்கள் சரியாகவே கேட்டார்கள்.

இப்படிப்பட்ட சந்தேகத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் வேறொரு நாட்டில் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஆலைக் கிராமத்துக்குப் போனவர்கள் அவர்கள். நூற்பாலை மூடி ஊரே வேலையிழந்து கிடந்த 1931-ல் மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களாக யாரும் இருக்கக் கூடாது, ஊருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பது அவர்களின் விதி. வியன்னாவில் துணி திரட்டிக் கொடுத்தார்கள். இலவச மருத்துவம் பார்த்தார்கள். அப்படிப் போன வீட்டு வாசல்களில்தான் மக்களின் வாழ்க்கைக் கதைகள் அவர்களுக்குக் கிடைத்தன. பள்ளிப் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, சுற்று ஊர்ப் பிள்ளைகளைவிட மலிவான பொருள்களையே கேட்டார்கள். அதையும் ‘அப்பா அம்மாவிடம் பணம் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு எழுதினார்கள். 1933-ல் நூலாக வந்த அந்த ஆய்வு மாரிகுப்பத்துக்கு ஒரு எச்சரிக்கை தருகிறது. ‘உன் லட்சியம் என்ன?’ என்று கேட்டால், ஏற்கனவே சுருக்கி வைத்த ஆசைதான் பதிலாக வரும். அது எப்போது, யார் பேச்சைக் கேட்டுச் சுருங்கியது என்பதே கேட்க வேண்டிய கதை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோலார் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. நரசாபுராவில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12-ல் தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். கண்ணாடிகள் உடைந்தன, வண்டிகள் கவிழ்ந்தன, பலர் கைதானார்கள். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எடுத்த இளைஞர்கள். சொன்ன சம்பளம் கைக்கு வரவில்லை என்பது அவர்களின் குறை. கொஞ்ச காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்த ஆலையில் அத்தனை பேரைக் கவனிக்கத் தக்க மனிதவளத் துறை இல்லை, ஷிப்ட் நேரம் மாறிய பிறகு வருகைப் பதிவும் ஒழுங்காக இல்லை என்று அரசு விசாரணை கண்டது. அக்டோபர், நவம்பர் மாதச் சம்பளம் சிலருக்குத் தாமதமானதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, விஸ்ட்ரானைக் கண்காணிப்பில் வைத்தது. 2023-ல் ஆலையை டாட்டா வாங்கியது. 2020 நவம்பரில் யாராவது பத்துத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, ‘போன மாசம் சம்பளம் வந்த நாளைச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தால் இத்தனையும் முன்கூட்டியே காதில் விழுந்திருக்கும்.

தங்கவயலின் கல்லூரிகளும் ஐடிஐக்களும் இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. கடைசி வருட மாணவர்களைவிட, முடித்து ஒரு வருடம் ஆனவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேலையில் நிலைத்தவர் சிலர், ஆறே மாதத்தில் விட்டவர் சிலர், ரயிலேறவே அனுமதி கிடைக்காத பெண்கள் சிலர். அந்தப் பெண்களின் அம்மாக்களையும் தனியே கேட்க வேண்டும். ஏனென்றால் இரவு ரயிலிலிருந்து மகள் இறங்கி வீடு வரும் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். அந்த நேரத்துக்கு மாரிகுப்பம் நிலையத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு ஒரு பஸ் விடுவதால் எத்தனை பேர் வேலைக்குப் போக முடியும் என்பதை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். எழுதிய குறிப்புகளைப் பேசியவர்களிடமே திருப்பிக் காட்டி, ‘இதுதானே சொன்னீங்க?’ என்று சரிபார்த்த பிறகு அந்த மாதிரிச் சோதனையைத் தொடங்க வேண்டும்.

(அடுத்த வாரம்: 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம் ஐடிஐ மாணவருக்குத் தருவது என்ன?)