உயரம் குறைந்தோருக்கு ஷாட்கன்: கட்டையை அறுத்தால் மட்டும் போதுமா?

புது தில்லி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கலப்பு ஸ்கீட் பிரிவில் மகேஸ்வரி சௌஹான் - அனந்த்ஜீத் சிங் நருகா இணை, சீனாவிடம் 43-44 என ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தை இழந்தது. பறக்கும் தட்டுகளைச் சுடும் இவ்விளையாட்டில் ஒரு தட்டு தவறப் பல காரணங்கள் உண்டு. உடலுக்குப் பொருந்தாத துப்பாக்கி, அவற்றுள் முன்கூட்டியே தவிர்க்கக்கூடியது.

ரைஃபிளில் இருப்பதுபோல் ஷாட்கன்னின் பின்புறத்தில் குறிபார்க்கும் அமைப்பு இல்லை. சுடுபவரின் கண்ணே அப்பணியைச் செய்கிறது. தோளில் பதியும் கட்டையின் மீது கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர வேண்டும். கண் சற்று உயர்ந்தால் ரவைகள் தட்டுக்கு மேலே செல்லும். தாழ்ந்தால் கீழே செல்லும்.

ஆயத்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் சராசரி உயரமுள்ள ஆடவரை மனத்திற்கொண்டு செய்யப்படுபவை. விசையிலிருந்து கட்டையின் முனை வரை ஏறத்தாழ 14.5 அங்குலம் இருக்கும். உயரம் குறைந்த பெண்ணோ பதின்பருவத்தினரோ அதை ஏந்தினால் கட்டை அக்குளில் சிக்கும். உடல் பின்னோக்கிச் சாயும். பின்னுதைப்பு புயத்திலும் கன்னத்திலும் விழும். வலி பழகப் பழக, விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். இப்பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் நீக்குவது கடினம்.

முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசையை எட்டுகிறதா எனப் பார்ப்பது பழைய வழக்கம். அது கையின் நீளத்தை மட்டுமே காட்டும். கழுத்து, தோள், கன்ன எலும்பு பற்றி எதுவும் சொல்லாது. துப்பாக்கியை ஏந்திய நிலையில் மூக்குக்கும் பெருவிரலுக்கும் இடையே இரண்டு, மூன்று விரற்கடை இடைவெளி இருக்கிறதா என்று நோக்குவதே மேல்.

நீளத்தை அறுத்துக் குறைத்தால் போதும் என்பதும் சரியன்று. கழுத்து நீண்ட பெண்களுக்குக் கன்னம் பதியும் மேல்விளிம்பை உயர்த்த வேண்டியிருக்கும். கீழ்முனை மார்பில் குத்தாதபடி வெளிப்புறம் திருப்ப வேண்டியிருக்கும். வளரும் வயதினருக்கு இவற்றை நகர்த்தி அமைக்கும் வசதியுள்ள கட்டையே உகந்தது.

எடை குறைந்த துப்பாக்கி சிறியவருக்கு நல்லது எனத் தோன்றும். ஆனால் அதே தோட்டாவுக்கு இலகுவான துப்பாக்கியே கூடுதலாக உதைக்கும். ஒலிம்பிக் போட்டிகளில் ரவையின் எடை 24 கிராம். தொடக்கப் பயிற்சிக்கு அதனினும் குறைந்த தோட்டாவைத் தேர்ந்தால் உதைப்பு தணியும்.

இந்தியாவில் ஆயுதச் சட்டம், 1959-இன்கீழ் உரிமம் பெற்றே துப்பாக்கி வாங்க இயலும். பொருந்தவில்லை என எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே முதலில் பயிற்சிக் களத்துத் துப்பாக்கியால் பெரிய தாளொன்றில் சுட்டு, ரவைகள் பார்த்த இடத்தில் படிகின்றனவா என்று சோதித்த பின்னரே விலை பேசுவது நல்லது.