கடும் ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு: கொரோனா ஃபார்முலா இங்கே செல்லுமா?

வேங்கிக்காலோ வேளச்சேரியோ, காய்ச்சல் நாலு நாள் இழுத்தாலே சிலர் கேட்பது இதுதான்: ‘கொரோனா டைம்ல ஸ்டீராய்டு கொடுத்தாங்களே, இப்பவும் போட்டுக்கலாமா?’

ஏன் இந்தக் கேள்வி?

கடும் ஃப்ளூவில் உயிருக்கு உலை வைப்பது வைரஸ் மட்டுமல்ல. அதைத் துரத்தும் நம் நோய் எதிர்ப்பு சக்தியே அளவு மீறி நுரையீரலைச் சேதப்படுத்தும். இதுதான் ‘சைட்டோகைன் புயல்’. அப்போ அதை அடக்கினால் போதாதா?

கொரோனாவில் அது கைகொடுத்தது. 2020-ல் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

ஃப்ளூவில் என்ன சிக்கல்?

ஸ்டீராய்டு பெற்ற ஃப்ளூ நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்றே பல ஆய்வுகள் காட்டின. நோய் முற்றியவர்களுக்கே அது தரப்பட்டதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் எதிர்ப்பு சக்தி அடங்கினால் வைரஸ் கூடுதல் நாள் தங்கும். பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றும் சேரலாம். இப்போதுள்ள ஆதாரங்களை வைத்து, கடும் ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்றே 2024-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஓசெல்டாமிவிர் மாத்திரையை டாக்டர் பரிந்துரைத்தால், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம் இருந்தால் மத்திய அரசின் வகைப்பாட்டில் அது ‘சி’ பிரிவு. மெடிக்கல் ஷாப் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.