கால் ஊன்றும் கலை – 8: நான்கு மூலைக்கு நான்கு பேர்

தை சி வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவரை மிகவும் திகைக்க வைப்பது திரும்பும் நேரம்தான். அதுவரை முன்னால் நின்று கற்றுத்தரும் சிஃபுவைப் பார்த்துப் பார்த்தே எல்லோரும் கை கால்களை அசைத்துக்கொண்டிருப்பார்கள். வரிசையில் ஓர் அசைவு வந்து உடலை இடப்பக்கம் திருப்பும். அடுத்தது முதுகுப்பக்கமே திருப்பிவிடும். இப்போது சிஃபு பின்னால் இருக்கிறார். கழுத்தை வளைத்து அவரைத் தேடினால் தோள் கோணும், தோளோடு இடுப்பும் கோணும், கால் தடுமாறும். இதற்காகவே மூத்த மாணவர்களை நான்கு மூலைகளிலும் நிறுத்துவது வழக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு நேரே ஒருவர் இருப்பார். சிஃபுவுக்குத் துணையாகக் கற்றுக்கொடுக்கப் போகிறவருக்கு முதல் வேலை அதுதான், ஒரு மூலையில் நிற்பது. சென்ற வாரம் மாணவியாகச் சேர்ந்ததைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் அந்த மூலையைப் பற்றி.

எங்கள் மன்றம் கூடுவது சிங்கப்பூரில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் சிமெண்டுத் தரை அது. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் அதே இடத்தில் நடக்கும். அந்த நாட்களில் நாங்கள் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலுக்குப் போய்விடுவோம். சனிக்கிழமை மாலை குங்ஃபூ, ஞாயிறு காலை தை சி. இரண்டுக்கும் சிஃபு ஒருவரேதான். வந்து நிற்பவர்கள்தான் வேறு. மாலையில் பள்ளிப் பிள்ளைகளும் தேசிய சேவையை முடித்த இளைஞர்களும். காலையில் அவர்களுடைய தாத்தா பாட்டிகள்.

இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. குங்ஃபூ இளவட்டங்களுக்கு, தை சி ஓய்வு பெற்றவர்களுக்கு என்று யாரோ எழுதிவைத்ததுபோல் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். தை சி பிறந்ததே சண்டைக் கலையாகத்தான். சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சென் என்ற குடும்பத்தார் வாழும் கிராமத்தில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த கலை அது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரரிடமிருந்து தொடங்குவதாக அந்தக் குடும்ப மரபு சொல்கிறது. வெளியூர்க்காரரான யாங் லூச்சான் (1799–1872) அங்கே சென் சாங்ஷிங்கிடம் பல்லாண்டுகள் இருந்து கற்றுக்கொண்டு பெய்ஜிங் போனார். அரச குடும்பத்தாருக்கும் காவல் படையினருக்கும் கற்றுக்கொடுத்தார். காவல் படையினர் மூட்டுவலிக்காகக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) அசைவுகளைப் பெரிதாக்கி, துள்ளலும் அதிர்வும் இல்லாமல் ஒரே சீராக ஓடும்படி அமைத்தார். இன்று பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் வழி வந்ததே. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து 24 அசைவுகளை எடுத்து, ஐந்தாறு நிமிடங்களில் முடியும்படி ஒரு சுருக்க வரிசையைத் தொகுத்தது. எங்கள் ஞாயிறு வகுப்பில் புதியவர்கள் கற்பது அந்த வரிசையைத்தான். முதியோர் உடற்பயிற்சி என்ற பெயர் தை சிக்கு வந்தது நேற்று முந்தாநாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனப் பெண்களுக்கே கதவு சாத்தியிருந்த காலம் ஒன்று இருந்தது. குடும்பத்துக்குள்ளும் நம்பிக்கையான சீடர்களுக்குள்ளும் ஒளித்து வைத்திருந்த சண்டைக் கலைகளை, 1910இல் ஷாங்ஹாயில் குங்ஃபூ வீரர் ஹுவோ யுவான்ஜியாவின் பெயரோடு தொடங்கிய ஜிங் வூ கழகம்தான் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. ஒரே கூரையின் கீழ்ப் பல பாணிகள், பெண்களுக்கும் இடம். 1920களில் அந்தக் கழகம் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து கிளை விட்டது. ஒரு தமிழ்ப் பெண் இந்தச் சிமெண்டுத் தரையின் மூலையில் நின்று சீனப் பெரியவர்களுக்கு 'மேகக் கைகள்' என்ற அசைவைச் சொல்லித்தர முடிகிறதென்றால், நூறு வருடங்களுக்கு முன் அந்தக் கதவைத் திறந்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மூலையில் நிற்பவருக்குச் சிஃபு முதலில் சொல்லும் பாடம், கைகளைப் பார்க்காதே என்பது. வகுப்பில் எல்லோருடைய கண்ணும் கைகள் மேல்தான் இருக்கும். வெண்கொக்கு சிறகு விரிக்கிறது, காட்டுக் குதிரையின் பிடரி பிரிகிறது. பெயர்களே அத்தனை அழகு. ஆனால் தவறுகள் எல்லாம் கால்களில் இருக்கின்றன. ஒரு பாதத்தில் இருக்கும் உடல் எடையை இன்னொரு பாதத்துக்கு, ஒரு குடத்துத் தண்ணீரை மற்றொரு குடத்தில் சிந்தாமல் ஊற்றுவதுபோல் மாற்றத் தெரிந்துவிட்டால் தை சியில் பாதி தெரிந்த மாதிரி. யாங் செங்ஃபூ சொல்லச் சொல்ல அவர் மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்து விதிகளில், எடை தாங்கும் காலையும் தாங்காத காலையும் தெளிவாகப் பிரித்தறிவது ஒன்று. வகுப்பில் ஒருவரைத் திருத்த வேண்டியிருந்தால் நான் தேடிப் போவது பெரும்பாலும் அந்த ஒரு விதியைத்தான்.

உணவங்காடி நிலையத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்த ஓர் ஆன்ட்டி எங்கள் வகுப்புக்கு வருகிறார். அவர் பேசுவது ஹொக்கியன். எனக்கு அது வராது. சந்தை மலாயில் இருவரும் சமாளித்துக்கொள்வோம். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் வில் நிலையில் அவருடைய முன் முழங்கால் ஒவ்வொரு முறையும் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். வீட்டுக்குப் போனதும் வலிக்கிறது என்பார். முழங்காலை வெளியே தள்ளுங்கள் என்று சொன்னால் தள்ளுவார். அடுத்த அடியில் பழையபடி உள்ளே விழும். கூர்ந்து பார்த்தபோது முழங்காலில் குற்றமே இல்லை. முன்பாதத்தை அவர் பின்பாதத்துக்கு நேர்கோட்டில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருந்தால் இடுப்பு திறக்க வழியில்லை. இடுப்பு திறக்காதபோது முழங்கால் வேறெங்கே போகும்? தரையில் தோளகல இடைவெளியில் இரண்டு நாடாக்களை இணையாக ஒட்டினேன். இடக்கால் இடது நாடாவில், வலக்கால் வலது நாடாவில். "பெலான் பெலான், ஆன்ட்டி" என்றேன். மெதுவாக என்று அர்த்தம். குதிகாலை முதலில் வைத்து, பாதத்தைப் படியவிட்டு, அதன் பிறகே எடையை முன்னால் கொண்டுவந்தார். முழங்கால் தானாகவே கால்விரல்களுக்கு நேராக வந்து நின்றது. அவர் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் இதே கவனம் வேண்டும். முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போது அந்தப் பாதத்தைத் தரையில் தேய்த்துத் திருப்பினால் முறுக்கம் முழுவதும் முழங்காலில் போய் விழும். முழங்கால் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. திருகுவது அதற்கு ஆகாது. அந்த வேலைக்கு இடுப்பு இருக்கிறது. எனவே எடையைப் பின்காலுக்குக் கொஞ்சம் வாங்கி, முன்பாதத்தின் விரல்களைத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி வைத்து, பிறகு முன்னே போக வேண்டும். அடி தடித்த ஓட்டக் காலணியில் இது வராது, தரையைக் கவ்வும். தட்டையான அடிகொண்ட துணிச் சப்பாத்துத்தான் சரி, விலையும் குறைவு.

மாணவர்களைப் பார்த்தபடி முன்னால் நின்று காட்டுவது தனிப் பயிற்சி. அவர்கள் இடக்கையைத் தூக்க வேண்டுமானால் காட்டுகிறவர் வலக்கையைத் தூக்க வேண்டும். வாய் மட்டும் 'இடது' என்று சொல்ல வேண்டும். வரிசை முழுவதையும் இப்படி இடவலம் மாற்றிச் செய்யப் பழகும்போதுதான், உடம்பு இதுவரை வெறும் பழக்கத்தில் தாண்டிப் போன இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கச் சிஃபு மாணவர்களை அனுப்புவது உதவிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல என்பது அப்போது புரியும். தொட்டுத் திருத்துவதற்கும் முறை இருக்கிறது. கேட்காமல் தொடக் கூடாது. முழங்கையையோ மணிக்கட்டையோ இரண்டு விரலால் தொட்டுக் காட்டினால் போதும், பிடித்து இழுக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடியும் தறுவாயில் சிஃபு இப்போதெல்லாம் இளைஞர்களையும் துயி ஷோவுக்கு நிறுத்துகிறார். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, பாதங்களை நகர்த்தாமல் வட்டமாகத் தள்ளித் தள்ளி வாங்கும் பயிற்சி. பாதம் நகர்ந்தவர் தோற்றவர். உடற்பயிற்சிக் கூடத்தில் தேறிய தோள்களோடு ஒரு பையன் வந்து நின்றான். எதிரே ஞாயிறு வகுப்பில் ஊறிய அங்கிள், எழுபது கடந்தவர். பையன் தோளிலிருந்து தள்ளினான். அங்கிள் எதிர்த்துத் தள்ளவே இல்லை. அந்த விசை வரும் திசையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு இடுப்பை ஒரு சாண் திருப்பினார், அவ்வளவுதான். தள்ள இடம் கிடைக்காமல் பையன் இரண்டு அடி முன்னால் போய்த்தான் நின்றான். மறுபடி, மறுபடி, அதே முடிவு. தள்ளும்போது அவனுடைய பின்குதிகால் தரையை விட்டுக் கிளம்புவதை நான் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குங்ஃபூவில் குதிரை நிலையில் நன்றாக நிற்பவன். நிலையில் இருக்கும்போது குதிகால் பாறையாக இருக்கும். தள்ளத் தொடங்கியதும் மறந்துபோகிறது. மெதுவாகச் செய்து பழகாத உடம்பு வேகத்தில் வேரை விட்டுவிடுகிறது. இளைஞர்களுக்குத் தை சி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதேபோல் முதியவர்களும் இந்த அசைவுகளின் சண்டைப் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்காலைத் தடவிப் போகும் கை ஓர் உதையை விலக்குகிறது என்று தெரிந்த பிறகு, எழுபது வயதுக் கையிலும் ஒரு தெளிவு வருகிறது.

தமிழ்ப் பெற்றோர் வகுப்பு முடிந்ததும் தவறாமல் என்னிடம் கேட்பது போதிதர்மரைப் பற்றித்தான். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, குங்ஃபூ அவரோடு காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போனது என்பது நம் வீடுகளில் முடிந்த முடிவு. பெருமைப்பட ஆசைதான். ஆனால் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 6ஆம் நூற்றாண்டின் சீனக் குறிப்புகளில் ஒன்று போதிதர்மரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. இரண்டுமே அவரைத் துறவியாகத்தான் காட்டுகின்றன. குங்ஃபூவின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் ஷாவோலின் மடம் கட்டப்பட்டது 495 வாக்கில், பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக. அந்த மடத்துத் துறவிகள் 621இல் தாங் அரசின் பக்கம் நின்று போரிட்டதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அங்கும் போதிதர்மர் கற்றுக்கொடுத்தார் என்ற பேச்சு இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. இதைச் சொன்னால் சில அப்பாக்களின் முகம் வாடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இடத்தில் நின்றுகொண்டு உண்மையல்லாததைச் சொல்ல எனக்கு மனம் வராது. பெருமைக்குச் சிலம்பம் இருக்கிறது. எங்கள் வகுப்பிலேயே சிலம்பம் பழகிய சிறுமி ஒருத்தி, சீனக் கோலைக் கையில் வாங்கியதும் அதன் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சுத்தறதுக்கு இல்லக்கா, குத்தறதுக்கு" என்றாள். சிஃபுவிடம் சொன்னேன். அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

தை சியின் பலன்களைப் பற்றி ஊதிப் பெருக்கியும் பேசுகிறார்கள். தொடாமலே ஆளைத் தூக்கி எறியும் சக்தி, புற்றுநோயைப் போக்கும் மூச்சு என்றெல்லாம் சொல்லிக் காசு வாங்குகிறவர்களிடமிருந்து விலகி இருங்கள். அளந்து பார்த்த பலனே போதுமான அளவு இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை, 24 வாரம் தை சி செய்தவர்களுடைய சமநிலை, தசை வலுப் பயிற்சியோ நீட்டல் பயிற்சியோ செய்தவர்களைவிட மேம்பட்டிருந்தது. நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் கீழே விழுவதும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர். குளியலறையில் வழுக்கிய ஒரு நொடியில் முடிந்துபோன பெரியவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு இருந்தால் முதலில் ஓரமாக நின்று பாருங்கள். ஆசிரியரின் ஆட்டத்தைவிட அவர் கண் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். மாணவர்களின் முழங்காலையும் பாதத்தையும் பார்க்கிறவராக இருந்தால், வலிக்கிறது என்று சொன்னவரை நிறுத்தி உட்கார வைக்கிறவராக இருந்தால், தயங்காமல் சேருங்கள். அம்மா அப்பாவைச் சேர்ப்பதானால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடாமல், நீங்களும் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

(தொடரும்)