ஒரு பட்டம், மூன்று குடிப்பெயர்கள்: ஆல்பா டியூக்குகளின் வரலாறு

ஸ்பெயினின் சலமாங்கா மாகாணத்தில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய ஆல்பா டியூக் பட்டத்தை, 1472இல் கஸ்தீலிய மன்னர் நான்காம் என்ரிக்கே, அவ்வூரின் பிரபுவான கார்சியா ஆல்வாரெஸ் தெ தொலேதோவுக்கு அளித்தார். டியூக் என்பது அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த படிநிலை.

இப்பட்டத்துக்கு ஐரோப்பா முழுவதும் அச்சம் கலந்த புகழைத் தேடித்தந்தவர் மூன்றாம் டியூக் ஃபெர்னாந்தோ. 1567இல் இரண்டாம் ஃபிலிப் மன்னரால் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், கலகக்காரர்களை விசாரிக்க அமைத்த தனி மன்றத்தை மக்கள் ‘இரத்த மன்றம்’ என்றே அழைத்தனர். போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கித் தமக்கே வெண்கலச் சிலை வார்த்து ஆண்ட்வெர்ப் கோட்டையில் நிறுத்தினார்; அவருக்குப் பின் வந்த ஆளுநரே அதை அகற்றிவிட்டார்.

ஆனால் பட்டத்தின் வரலாற்றில் போர்களைவிடச் சுவையானது வாரிசுரிமைதான். மகன் இருந்தால் மகனுக்கும், இல்லையெனில் மகளுக்கும் பட்டம் சேரும் என்ற கஸ்தீலிய மரபினால், பதினோராம் சீமாட்டியான மரியா தெரேசா மணந்த சில்வா குடும்பத்தின் பெயர் அவருடைய மகன் வழியே பட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வழியில் வந்த பதின்மூன்றாம் சீமாட்டி கயேத்தானாவைத்தான் ஓவியர் கோயா 1795இல் வெள்ளுடையிலும் 1797இல் கறுப்புடையிலும் தீட்டினார். கறுப்புடை ஓவியத்தில் அவருடைய சுட்டுவிரல் காலடி மணலைக் காட்ட, அங்கே ‘கோயா மட்டுமே’ என்னும் பொருள்படும் சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இதைக் காதலுக்குச் சான்றாகக் கொள்வோர் பலர். ஓவியரின் செருக்காகவும் அதைப் படிக்கலாம்.

1802இல் கயேத்தானா பிள்ளையில்லாமல் இறந்தபோது, இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனின் வழித்தோன்றலான எட்டு வயதுச் சிறுவன் கார்லோஸ் மிகேலுக்குப் பட்டம் போனது. அன்று முதல் குடிப்பெயர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டூவர்ட்.

1931இல் குடியரசு அமைந்ததும் இத்தகைய பட்டங்கள் சட்ட அங்கீகாரத்தை இழந்து, 1948இல் ஃபிராங்கோ ஆட்சியில் அதை மீளப் பெற்றன. ஆண், பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே பட்டம் என்ற சட்டம் 2006இல்தான் வந்தது. ஆயினும் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களைத் தாங்கிய பதினெட்டாம் சீமாட்டி 2014இல் மறைந்தபோது அச்சட்டத்துக்கு வேலையிருக்கவில்லை, ஏனெனில் மூத்தவர் மகனே. மாட்ரிடில் உள்ள குடும்ப அரண்மனையான லிரியா 2019 முதல் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. வெள்ளுடைக் கயேத்தானாவும், அவர் காலடியில் சிவப்பு நாடா கட்டிய குட்டி நாயும் அங்கேதான் இருக்கிறார்கள்.